ஓஸ்வால்ட் வீட்டுக்குக் கொண்டுவந்த படங்கள்

ஆஸ்டின் டவுனில் இங்கிலீஷ் தெரியாதவர்கள் தெருவுக்கு முக்கால்வாசிப் பேர் இருந்தார்கள். இங்கிலீஷ் படம் தெரியாதவர்கள்தான் கிடையாது. குதிரை ஓடுவதற்கும் துப்பாக்கி வெடிப்பதற்கும் இலக்கணமா வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை மேட்னி விட்டதும், திரைக்கு முன்னால் கழுத்தை அண்ணாந்துகொண்டு பார்க்கிற காந்தி கிளாஸ் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்கள் யாரும் நேரே வீட்டுக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. மைதானத்து ஓரம் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து, போன வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கலைவார்கள்.

அந்தக் கடையில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று அமெரிக்கக் கட்சி. அதற்குத் தலைவர் முனிகிருஷ்ணன், பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற ஒர்க்ஷாப்பில் பெயிண்டர். கடையில் இருந்த அத்தனை பேரும் அவர் கட்சிதான். இன்னொரு கட்சியில் ஓஸ்வால்ட் ஒருத்தன் மட்டும். அவனும் அதே ஒர்க்ஷாப்பில் சீட்டுகளுக்கு ரெக்சின் தைக்கிறவன். ஐம்பத்தெட்டாம் வருஷம் வாக்கில் ஐரோப்பாவிலிருந்து புது மாதிரிப் படங்கள் எப்போதாவது ஒன்று கண்டோன்மெண்ட் கொட்டகைக்கு வந்து, ஈ ஓட்டிவிட்டுப் போகும். பணக்காரன் இல்லை, சண்டை இல்லை, தெருவிலும் வயலிலும் கிடைத்த முகங்களை வைத்து எடுத்த படங்கள். ஓஸ்வால்ட் அந்தப் படங்களுக்கு வக்கீல்.

அந்த வாரம் வந்திருந்தது ஒரு மலை கிராமத்துப் படம். கோவேறு கழுதை ஓட்டுகிற ஒருவன். பனி மூடிய காலத்தில் அவன் பிள்ளைக்கு ஜுரம் வருகிறது. கழுதையை ஓட்டிக்கொண்டு மலை இறங்கிப் போய் டாக்டரிடம் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி ஏறுகிறான். அவ்வளவுதான் கதை.

“ஒருத்தன் கழுதையை ஓட்டிக்கினு மலை இறங்கறான். அப்புறம் ஏறறான். சும்மனே அழுதுட்டு வர்றதுக்கு நான் காசு குடுக்கணுமா?” என்றார் முனிகிருஷ்ணன்.

“உங்க ஆளு நெஞ்சுல குண்டு வாங்கிக்கினு, அதே நெஞ்சோட குதிரை ஏறிப் போறானே, அது மட்டும் எந்த ஊர்லண்ணா நடக்குது?” என்றான் ஓஸ்வால்ட்.

“நடக்கலேன்னாதான் படம். நடக்கறத பாக்கறதுக்கு எனக்கு வீடு இருக்குதே.”

கடை சிரித்தது. ஓஸ்வால்டுக்கு வேகம் வந்துவிட்டது. “நம்ம தமிழ்ப் படத்துல தாய்க்காரி கோயில் மணியடிச்சா செத்த புள்ள எழுந்து உக்காருது. அமெரிக்காக்காரன் படத்துல மணி இல்லே, குதிரை. ரெண்டும் ஒண்ணுதான். இந்தப் படத்துல ஒரு பொய் கிடையாதுண்ணா. அப்பன் மருந்தோட வந்து கதவைத் தட்டறான். தொறந்தவ ஒரு வார்த்தை பேசலே. அவன் கையில இருந்த சீசாவை வாங்கி அலமாரியில வெக்கறா. புள்ள போயிட்டான்னு நமக்குத் தெரிஞ்சுபோவுது. அந்த இடத்துல பாட்டு இல்லே, வயலின் இல்லே, ஒரு சத்தமும் இல்லே. லேட்டா வந்தா புள்ள செத்துதான் போகும். அதை அப்படியே சொல்றான் பாருங்க, அவன்தான் ஆளு.”

முனிகிருஷ்ணனுக்குப் பதில் தெரியாமல் இல்லை. ஓஸ்வால்டின் பையன் பென்னி போய் இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை என்பது அவருக்குத் தெரியும். டீ கிளாஸை வைத்துவிட்டு, “சரிப்பா, உன் படம்தான் பெரிசு” என்று எழுந்துகொண்டார்.

பொய்யே இல்லாத படத்தின் பெருமையை ஊருக்கெல்லாம் சொன்ன அந்த மனுஷன் அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போய், சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, அதே படத்தை மனைவிக்கு இப்படிச் சொன்னான்:

“கதவைத் தட்டறான். அவ தொறக்கறா. பையனுக்கு மூச்சு இருக்குது. ரெண்டு ஸ்பூன் மருந்து உள்ள போச்சு. விடிஞ்சதும் கண்ணைத் தொறந்து, அம்மா ரொட்டி குடுன்னு கேக்கறான்.”

“அப்புறம்?” என்றாள் அல்போன்சா.

“அப்புறம் என்ன? சுபம்.”

அவள் சிலுவை போட்டுக்கொண்டு, அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பென்னிக்கு நாலு வயதில் தொண்டை அடைப்பான் வந்தது. அல்போன்சாவுக்கும் அதே ஜுரம். தொத்து நோய் ஆஸ்பத்திரியில் அவளைப் பெண்கள் வார்டில் போட்டார்கள், பிள்ளையைக் குழந்தைகள் வார்டில். நடுவில் ஒரு முற்றம்தான். ஆனால் அவளால் எழுந்து நிற்க முடியாது. நின்றாலும் விடமாட்டார்கள். பிள்ளையோடு ஓஸ்வால்ட்தான் இருந்தான். ஒரு மத்தியானம் முற்றத்தைத் தாண்டி வந்து, பென்னி போய்விட்டான் என்று அவளிடம் சொன்னவனும் அவன்தான்.

“கஷ்டப்பட்டானா?” இதைத்தான் அவள் முதலில் கேட்டாள்.

“இல்லே. கொஞ்சம் பால் குடிச்சான். கண்ணை மூடினான். தூங்கற மாதிரி போயிட்டான்.”

நடந்தது அது இல்லை. பென்னியின் தொண்டைக்குள் பால் ஒரு சொட்டு இறங்கவில்லை. கூப்பிடுவதற்குக் குரலும் இல்லை. காலையிலிருந்து கையை நீட்டி நீட்டிக் கதவைக் காட்டிக்கொண்டே இருந்தான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று அர்த்தம். ஓஸ்வால்ட் கதவைப் பார்ப்பான், பிள்ளையைப் பார்ப்பான். கடைசி வரை அந்தக் கை கதவைத்தான் காட்டியது. இதை ஓஸ்வால்ட் ஒரு மனுஷரிடமும் சொன்னதில்லை. சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட, பொய் சொன்னேன் சாமி என்றதோடு நிறுத்திக்கொண்டான். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை.

அல்போன்சா அந்தப் பொய்யின் மேல்தான் எழுந்து நடந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், “என் புள்ள கஷ்டப்படலே. பால் குடிச்சுட்டு தூங்கிட்டான்” என்று அவளே ஆறுதல் சொல்லி அனுப்பினாள். ஆனால் சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன பேசுவது என்று தெரியாமல், பார்த்துவிட்டு வந்த படத்தைச் சொல்ல ஆரம்பித்தான். கலங்கரை விளக்கத்தில் வளர்கிற ஒரு சின்னப் பெண்ணின் கதை. அவள் “ம்” கொட்டிக்கொண்டே கேட்டாள். கேட்டுக்கொண்டே ஒரு கவளம் சாப்பிட்டாள். படத்தின் முடிவில் அந்தப் பெண்ணை அலை அடித்துக்கொண்டு போய்விடும். “அப்புறம்?” என்று அவள் கேட்டபோது, கையில் இரண்டாவது கவளம் இருந்தது. ஓஸ்வால்ட் அலையை நிறுத்திவிட்டான். அந்தப் பெண் பாறையைப் பிடித்துக்கொண்டு கரை ஏறினாள்.

அதற்குப் பிறகு ஓஸ்வால்ட் வீட்டுக்குக் கொண்டுவந்த எந்தப் படத்திலும் குழந்தை சாகவில்லை. சண்டை நடக்கும் ஊரில் ரொட்டி வாங்கப் போன பையன் ரொட்டியோடு திரும்பி வந்தான். சர்க்கஸில் கம்பியிலிருந்து விழுந்த குழந்தை வலையில் விழுந்தது. நல்லவேளையாக அல்போன்சாவுக்கு சினிமாக் கொட்டகை பக்கமே போகிற வழக்கம் இல்லை. முத்தக் காட்சிக்குக் காந்தி கிளாஸ் அடிக்கிற விசில் வெளியே ரோடு வரைக்கும் கேட்கும். போதாததற்கு, பார்க்கக்கூடாத படங்கள் என்று மாதா கோயில் வாசலில் நோட்டீஸ் வேறு தொங்கும். அதைப் படித்துவிட்டு எந்தப் படத்துக்குப் போவது என்று முடிவு செய்கிற ஆண்கள் இருந்தார்கள். பெண்கள் அப்படி இல்லை.

புதன்கிழமை மத்தியானம் ஓஸ்வால்ட் ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பிய முனிகிருஷ்ணன், கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“உன் சம்சாரமும் உன் கட்சியில சேந்துட்டாங்கப்பா. பியாட்ரிஸ் அக்காவோட ஜட்கா ஏறிப் போறாங்க. இன்னா விசேஷம்னு கேட்டேன். உன் கழுதைப் படத்துக்குப் போறாங்களாம்.”

ஓஸ்வால்ட் கத்தரியைக் கீழே வைத்தான். “அது நேத்தோட தூக்கிட்டாங்களேண்ணா.”

“ஆம்பளைங்களுக்குத் தூக்கிட்டான். இன்னிக்கு ஒரு ஆட்டம் லேடீஸ் ஷோ. காலையில இருந்து தமுக்கு அடிச்சுக்கினு ஜட்கா வண்டி சுத்துதே, நீ கேக்கலே?”

பியாட்ரிஸ் பக்கத்து வீட்டுக்காரி, ரவிக்கை தைக்கிறவள், நல்ல மனசுக்காரி. குழாயடியில் அல்போன்சா சொல்லுகிற படக்கதைகளைக் கேட்டுக் கேட்டு, இவ்வளவு கதை தெரிந்தவள் ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டாமா என்று அவளுக்கு ஆதங்கம். பெண்கள் மட்டும் பார்க்கிற ஆட்டம் என்றதும் விசில் பயமும் போயிற்று. அல்போன்சா தயங்கவே இல்லையாம். “அது நல்ல படம்க்கா. அந்தப் பையன் பிழைச்சுடுவான்” என்று சொல்லித்தான் செருப்பை மாட்டினாளாம். இதெல்லாம் ஓஸ்வால்டுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மேஸ்திரியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தான். மிதிக்கும்போது அவனுக்கு ஒரே ஒரு நினைப்பு. படத்தில் பிள்ளை சாவதைப் பார்த்தால் அவள் அழுவாள். அழட்டும், அதைத் தேற்றிவிடலாம். ஆனால் அழுது முடித்த பிறகு அவள் யோசிப்பாளே. இவர் கதையின் முடிவை மாற்றுகிறவர் என்று தெரிந்துபோனால், எதை எதையெல்லாம் மாற்றினார் என்று யோசிப்பாளே. பால் குடித்துவிட்டுத் தூங்கிய பிள்ளையிடம் வந்து நிற்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

கொட்டகை வாசலில் இரும்புக் கேட்டைச் சாத்தியிருந்தார்கள். கேட்கீப்பர் பாய் அவனைப் பார்த்ததும் சிரித்தார். வாரம் தவறாமல் வருகிற முகம் ஆயிற்றே.

“அரே ஓஸ்வால்ட் பாய், இன்னிக்கு நக்கோ. ஜனானா ஷோ, பொம்பளைங்களுக்கு மட்டும்.”

“தெரியும் பாய். என் வீட்டுக்காரி உள்ள இருக்கா. ஒரு நிமிஷம் விடுங்க. கூட்டிக்கினு உடனே வெளிய வந்துடறேன்.”

“இருட்டுல இத்தனை பொம்பளைங்க மத்தியில ஆம்பளைய விட்டா, மேனேஜர் என் யூனிபார்மை அவுத்துடுவாரு. படம் விடட்டும்.”

“படம் விட்டா பிரயோஜனம் இல்லே பாய்.”

பாய்க்கு அது புரியவில்லை. எப்படிப் புரியும்? எங்கேயாவது நெருப்புப் பிடித்திருந்தால் சொல்லலாம். யாராவது செத்துப்போயிருந்தால் சொல்லலாம். படத்தில் ஒரு பையன் சாகப்போகிறான், அதற்குள் என் பெண்டாட்டியை வெளியே விடு என்று எந்த வாயால் சொல்வது?

இடைவேளை மணி அடித்தது. உள்ளே பெண்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற லட்சுமம்மாவிடம் காலில் விழாத குறையாகச் சொல்லி அனுப்பினான். ஆஸ்டின் டவுன் அல்போன்சா, நீலப் புடவை, வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார், அவசரமாக வரச் சொன்னார் என்று. லட்சுமம்மா கூஜாவைத் தூக்கிக்கொண்டு போனாள். அவன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறுபடி மணி அடித்து, விளக்கு அணைந்த பிறகுதான் லட்சுமம்மா வந்தாள்.

“சொன்னேன்ப்பா. உனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியேன்னு கேட்டாங்க. நல்லா நிக்கறாருன்னேன். அப்ப அந்தம்மா சிரிக்கறாங்க. நான் அழுதுடுவேன்னு பயப்படறாரு, அந்தப் பையன் பிழைச்சுடுவான்னு எனக்குத் தெரியும், கவலைப்படாம வேலைக்குப் போகச் சொல்லுன்னாங்க.”

அல்போன்சா சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பை லட்சுமம்மா பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அவன் பார்க்கவில்லை.

கொட்டகையின் பக்கவாட்டில் ஒரு கதவு உண்டு. உள்ளே கறுப்புத் திரை தொங்கும். பார்க்க முடியாது, கேட்கலாம். அங்கே போய் நின்றான். கழுதையின் கழுத்து மணி கேட்டது. காற்று ஊளையிட்டது. அவன் இந்தப் படத்தை மூன்று தடவை பார்த்திருந்தான். ஒவ்வொரு சத்தத்துக்கும் திரையில் என்ன நடக்கிறது என்று தெரியும். இதோ, பாலத்துக்கு வந்துவிட்டான். இதோ, கழுதை வழுக்கி விழுகிறது. எழுந்திரு, எழுந்திரு என்று ஓஸ்வால்ட் முணுமுணுத்தான். அந்தக் கழுதை முதல் தடவை எவ்வளவு நேரம் பனியில் கிடந்ததோ, அவ்வளவு நேரம்தான் நாலாவது தடவையும் கிடந்தது.

அந்த நிமிஷம் யாராவது கேட்டிருந்தால் முனிகிருஷ்ணன் கட்சியில் சேர்ந்திருப்பான். ஒரு குதிரை வேண்டும். நெஞ்சில் குண்டு பாய்ந்தாலும் நிற்காமல் ஓடுகிற குதிரை, மூளையே இல்லாத படத்தில் வருகிற குதிரை. கோயில் மணி அடித்துப் பிள்ளை எழுந்து உட்கார்ந்தால்கூட அவனுக்கு ஆட்சேபணை இல்லை.

திரும்ப வாசலுக்கு ஓடினான். “பாய், ஆபரேட்டர்கிட்ட சொல்லி மெஷினை நிறுத்தச் சொல்லுங்க. கரண்ட் போச்சுன்னு சொல்லட்டும். கொஞ்ச நேரம் போதும்.”

பாய் அவன் முகத்தைப் பார்த்தார். இப்போது சிரிக்கவில்லை. “பைத்தியமா உனக்கு? உக்காரு. பீடி வேணுமா?” என்றார்.

அப்போது சத்தம் நின்றது. காற்று நின்றது, மணி நின்றது. பாட்டு இல்லை, வயலின் இல்லை. டீக்கடையில் கையை ஆட்டி ஆட்டி அவன் புகழ்ந்த அந்த இடம் வந்துவிட்டது. உள்ளே அவ்வளவு பெண்கள் இருந்தும் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. ஓஸ்வால்ட் பாயின் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

படம் விட்டுப் பெண்கள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார்கள். முதலில் பியாட்ரிஸ்தான் அவனைப் பார்த்தாள்.

“ஏன் ஓஸ்வால்ட், கொட்டகையில தூங்கிட்டு வர்றியா? அந்தப் புள்ள செத்துப்போவுது. நீ இவகிட்ட பிழைச்சுதுன்னு சொல்லியிருக்கே. கடைசி வரைக்கும் என் கையைப் புடிச்சுக்கினு, இப்ப கண்ணைத் தொறப்பான் பாருக்கா, தொறப்பான் பாருக்கான்னு சொல்லிக்கினே இருந்தா.”

அல்போன்சாவின் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. “நீங்க ஜட்காவுல போங்கக்கா. நான் அவரோட நடந்து வரேன்” என்றாள்.

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். அவள் பக்கத்தில் நடந்தாள். வெயில் தாழ்ந்திருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள். திட்டினால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

“அந்த லைட் ஹவுஸ் பொண்ணு?” என்றாள்.

அவனுக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நடிக்கப் பார்த்தான், முடியவில்லை.

“அலை அடிச்சுக்கினு போயிடுச்சு” என்றான்.

“ரொட்டி வாங்கப் போன பையன்?”

“வரலே.”

“ம்” என்றாள். சோறு போட்டுக்கொண்டே கதை கேட்கிறபோது சொல்கிற அதே “ம்”. “கம்பியில இருந்து விழுந்துச்சே, அந்தக் குழந்தை?”

“அல்போன்சா, அது நெசமாவே வலையில விழுந்துச்சு. சத்தியமா. அதை நான் மாத்தலே. மாதா மேல ஆணையா அந்தக் குழந்தை பிழைச்சுது.”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. ஜுரக்காரனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

“சரி, விடுங்க. பாவம், அதுவும் போயிருக்கும்” என்றாள்.

உண்மையைச் சொல்லியும் அந்தக் குழந்தையை அவனால் காப்பாற்ற முடியவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பாடுபட்டுப் பிழைக்க வைத்த பிள்ளைகள் அத்தனையும் அந்த ரோட்டிலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எல்லாரும் போய்விட்டார்கள். இனி ஒரே ஒரு பிள்ளைதான் பாக்கி. அவள் அந்தப் பிள்ளையிடம்தான் வருகிறாள் என்று ஓஸ்வால்டுக்குத் தெரிந்தது. வேகமாக நடந்தான். வீடு வந்துவிட்டால் பியாட்ரிஸ் வருவாள், அடுப்புப் பற்ற வைக்க வேண்டும், பேச்சு மாறிவிடும் என்று நினைத்தான்.

மைதானத்துக்குப் பக்கத்தில் வந்தபோது அவள் நின்றுவிட்டாள். டீக்கடையிலிருந்து முனிகிருஷ்ணன் கையைத் தூக்கி என்னவோ சொல்ல வந்தார். அவர்கள் நின்ற தோரணையைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

“பென்னி?” என்றாள் அல்போன்சா.

ஓஸ்வால்ட் சைக்கிள் ஹாண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தச் சின்னக் கை கதவைக் காட்டிக்கொண்டே இருந்தது. அதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். வாயில் வந்தது பழைய கதைதான்.

“நான்தான் சொன்னேனே. கொஞ்சம் பால் குடிச்சான். கண்ணை மூடினான். தூங்கற மாதிரி…”

“ம்” என்றாள். அவன் மேற்கொண்டு சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

“அப்புறம்?” என்றாள்.